தாயில்லாப் பூனைக்குட்டி: சூடு முதலில், பால் அடுத்து, மணல் தட்டு அதற்கும் பிறகு

பாசார் ஓரத்து அட்டைப்பெட்டி, கடைவரிசைக்குப் பின்னால் உள்ள லோங்காங், தோட்ட வீட்டின் பின்கொட்டகை. கைவிடப்பட்ட பூனைக்குட்டிகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான் கிடக்கின்றன. பிள்ளைகள் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். வீட்டில் இருப்பவர்கள் இரக்கப்பட்டு ஒரு தட்டில் பாலை ஊற்றி வைப்பார்கள். மறுநாள் காலையில் குட்டி விறைத்துக் கிடக்கும். பால் வைத்தும் ஏன் செத்தது என்று பிள்ளைகள் அழுவார்கள். கண் திறக்காத குட்டிக்கு நக்கிக் குடிக்கத் தெரியாது என்பது ஒரு காரணம். பசியைவிடக் குளிர் அதை வேகமாகக் கொல்லும் என்பது பெரிய காரணம்.

தூக்குவதற்கு முன் தாய் உண்மையிலேயே இல்லையா என்று பார்க்க வேண்டும். இரை தேடப் போன தாய்ப்பூனை திரும்பி வரச் சில மணி நேரம் ஆகலாம். குட்டிகள் வயிறு உருண்டு, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்து அமைதியாகத் தூங்கினால் தாய் பக்கத்தில் எங்கோ இருக்கிறது. ஆள் நின்றால் அது வராது. தள்ளிப் போய் நின்று கவனிக்கலாம். இரவாகிவிட்டால் குட்டிகளைச் சுற்றித் தரையில் கொஞ்சம் கோதுமை மாவைத் தூவி வைத்தால், தாய் வந்து போன காலடி காலையில் தெரிந்துவிடும். மனிதக் கை பட்ட குட்டியைத் தாய் சேர்க்காது என்ற பேச்சை நம்ப வேண்டாம். தண்ணீர் ஏறும் இடமென்றால் பக்கத்திலேயே மேடான இடத்தில் மாற்றி வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். ஆனால் பெட்டியில் போட்டு வீசப்பட்ட குட்டிகளுக்கோ, உடம்பு அழுக்கேறி, வயிறு ஒட்டி, ஓயாமல் கத்தும் குட்டிகளுக்கோ காத்திருந்து பயனில்லை.

நம் நாட்டு வெயிலில் குளிரா என்று கேட்கலாம். பிறந்து மூன்று நான்கு வாரம் வரை பூனைக்குட்டியால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. முதல் வாரத்தில் அது படுத்திருக்கும் இடம் ஏறக்குறைய 30 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். மழை பெய்த இரவில், காற்றாடி சுழலும் சிமெண்டுத் தரையில் அந்தச் சூடு ஏது? கையில் எடுக்கும்போது குட்டி சில்லென்று இருந்தால் பால் கொடுக்கவே கூடாது. குளிர்ந்த குடல் வேலை செய்யாது. விழுங்கும் தெம்பும் இருக்காது. பால் நுரையீரலுக்குள் போய்விடும். ஈரத்தைத் துடைத்து, துணியில் சுற்றி, நெஞ்சோடு அணைத்து மெல்ல மெல்லச் சூடாக்க வேண்டும். பிறகு வெந்நீர் நிரப்பிய போத்தலைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டும். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள மறுபக்கம் காலியாக இருக்கட்டும். ஆறிப்போன போத்தல் குட்டியின் சூட்டையே இழுத்துக்கொள்ளும். இரவில் எழுந்து அதை மாற்ற முடியாதவர்கள், முடிந்த ஒருவரிடம் குட்டியை ஒப்படைப்பதே நல்லது.

சூடேறிய பிறகு பால். பசும்பால், டின் பால், தேங்காய்ப்பால் எதுவும் ஆகாது. பசும்பாலில் இருக்கும் லாக்டோஸ் குட்டிக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். அந்தச் சின்ன உடம்பில் நீர்ச்சத்து ஒரே நாளில் வற்றிவிடும். ஆட்டுப்பால் நல்லது என்று பலரும் சொல்வதுண்டு. அதிலும் லாக்டோஸ் உண்டு, குட்டிக்கு வேண்டிய புரதமும் அதில் போதாது. கடை அடைத்த நேரத்தில் ஓரிரு வேளை சமாளிக்கலாம், அவ்வளவுதான். செல்லப்பிராணிக் கடைகளில் பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்மாவைத்தான் வாங்க வேண்டும்.

புகட்டும் விதம் மிக முக்கியம். கைக்குழந்தையைப் போல் மல்லாக்கப் படுக்கவைத்துப் புகட்டினால் பால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். குட்டி குப்புறப் படுத்தபடி, தலையைச் சற்றே தூக்கிக் குடிக்க வேண்டும். தாயிடம் அப்படித்தான் குடிக்கும். பால் வெதுவெதுப்பாக இருக்கட்டும். சிறிய பால் போத்தலோ ஊசியில்லாத சிரிஞ்சோ போதும். சிரிஞ்சை வேகமாக அழுத்தக்கூடாது. ஒரு வேளைக்கு 100 கிராம் எடைக்கு 4 மில்லி என்ற அளவில் கொடுக்கலாம். முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும்தான். இரண்டாம் வாரத்தில் மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை. அதன்பின் இடைவெளியைக் கொஞ்சங்கொஞ்சமாக நீட்டலாம்.

சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் பாதிக் கவலை தீரும். பிறந்த குட்டி சுமார் 100 கிராம் இருக்கும். நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். எடை குறைந்தால் நாளை பார்ப்போம் என்று தள்ளிப்போடாமல் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். வயதைக் கணிக்கவும் வழியுண்டு. கண் மூடியிருந்தால் பெரும்பாலும் பத்து நாளுக்குள். காது நிமிர்ந்து, தள்ளாடி நடந்து, முன்பல் எட்டிப்பார்த்தால் ஏறக்குறைய மூன்று வாரம்.

பலருக்குத் தெரியாத ஒன்று, இந்த வயதில் குட்டியால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது. தாய் நக்கிவிட்டால்தான் வரும். தாய் இல்லாவிட்டால், ஒவ்வொரு முறை பால் கொடுத்த பின்னும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அடிப்பகுதியை மெதுவாகத் தடவிவிட வேண்டும். சில நொடிகளில் சிறுநீர் வரும். மூன்று வாரம் தாண்டியபின் குட்டி தானாகவே கழிக்கத் தொடங்கும்.

அப்போதுதான் மணல் தட்டின் வேளை வருகிறது. நான்காவது வாரத்தில் ஆரம்பிக்கலாம். பூனைக்கு மண்ணைத் தோண்டி மூடும் குணம் பிறவியிலேயே உண்டு; நாம் இடத்தை மட்டும் காட்டினால் போதும். தட்டின் விளிம்பு குட்டி ஏறும் அளவுக்குத் தாழ்வாக இருக்க வேண்டும். பிஸ்கட் டின் மூடியோ, ஓரம் வெட்டிய அட்டைப்பெட்டியோ போதும். தண்ணீர் பட்டால் கட்டியாகும் பூனை மணலை இந்த வயதில் போடக்கூடாது. குட்டிகள் எதையும் வாயில் வைத்துப் பார்க்கும்; விழுங்கிய மணல் வயிற்றுக்குள்ளும் கட்டியாகிக் குடலை அடைக்கலாம். கிழித்த நாளிதழோ மரத்தூள் குச்சிகளோ போதும்.

முதல் நாளில், முன்பு துடைத்த பஞ்சு ஒன்றைத் தட்டில் போட்டு வைத்தால் வாசனை வழிகாட்டும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும் குட்டியைத் தூக்கித் தட்டில் விட வேண்டும். அதன் முன்காலைப் பிடித்து வலுக்கட்டாயமாகத் தோண்ட வைப்பவர்கள் உண்டு. குட்டி பயந்து தட்டையே வெறுத்துவிடும். நம் விரலால் கீறிக் காட்டினால் போதும். வேறு இடத்தில் போய்விட்டால் அடிப்பதும், அதில் மூக்கைத் தேய்ப்பதும் வேண்டாம். குட்டிக்கு அது தண்டனையென்று புரியாது, நம்மைக் கண்டு ஒளிந்துகொள்ளத்தான் கற்கும். அந்த இடத்தின் வாசனை போகும்வரை கழுவிவிட வேண்டும். முதல் சில நாள் வீடு முழுக்கத் திரிய விடாமல் ஒரு சிறிய அறையில் வைத்தால் தட்டு எப்போதும் பக்கத்திலேயே இருக்கும். சாப்பாட்டுத் தட்டுக்கு அருகில் மட்டும் வைக்கக்கூடாது. நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று வெளியே போனாலோ, முக்கி முக்கி ஒன்றும் வராமல் கத்தினாலோ அது நோயின் அறிகுறி.

நான்கு ஐந்து வாரத்தில் குட்டிக்கான ஈர உணவைப் பாலில் குழைத்துக் கொடுக்க ஆரம்பிக்கலாம். குடற்புழு மருந்தை மருத்துவர் எடை பார்த்துத் தருவார். மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்தில் விசாரித்தால் அரசாங்க மருத்துவரைப் பார்க்க வழி சொல்வார்கள்.

வீட்டு வைத்தியத்தில்தான் கவனம் வேண்டும். காய்ச்சலென்று பனடோல் கொடுத்தால் குட்டி பிழைக்காது. வளர்ந்த பூனையையே ஒரு மாத்திரை கொன்றுவிடும். நமக்கு இதமாக இருக்கும் கோடாலித் தைலமும் கற்பூரமும் பூனைக்கு நஞ்சு. நாய்க்கு ஊற்றும் உண்ணி மருந்து சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும், அதுவும் பூனையைக் கொல்லும். தெள்ளுப்பூச்சி ரத்தத்தை உறிஞ்சியே குட்டியைச் சாகடிக்கும் என்பதால் அதை அப்படியே விடவும் முடியாது. நுண்பல் சீப்பால் வாரி, சோப்பு நீரில் பூச்சியைப் போட்டுக் கொல்லலாம். குட்டியின் உடம்பில் வட்டமாக முடி உதிர்ந்திருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம், பிள்ளைகளுக்கும் ஒட்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் மணல் தட்டை வேறு யாராவது சுத்தம் செய்யட்டும்.

ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி போட வேண்டும். பெண்குட்டி நான்கு மாதத்திலேயே சினைபிடிக்கக்கூடும். கருத்தடை அறுவைக்கு மருத்துவரிடம் முன்கூட்டியே நாள் கேட்டுக்கொள்ள வேண்டும். எட்டு வாரம் நிறைந்த குட்டியை வேறு வீட்டுக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது பழைய தட்டிலிருந்து ஒரு பிடியைப் பையில் கட்டிக் கொடுத்தனுப்பினால், புது வீட்டில் எங்கே போவதென்று குட்டி மோப்பம் பிடித்தே கண்டுகொள்ளும்.