‘விரும்பினால்’ என்ற சொல்லின் வரலாறு

மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில், தன் பாத்திரத்தின் ஒவ்வோர் எண்ணையும் கணக்கிட்டுக் கூர்தீட்டும் ஆட்டக்காரர் மீது பழைய குற்றச்சாட்டு ஒன்று உண்டு. அவர் வெற்றியை நாடுபவர், கதையைக் கெடுப்பவர். விதிநூல்களின் வரலாற்றைப் பார்த்தால் இக்குற்றச்சாட்டில் பாதியையாவது நூல்களின் மீதே சுமத்த வேண்டியிருக்கிறது.

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை மூன்று சிறு நூல்களாக வெளியிட்டனர். வலிமை, அறிவு, ஞானம் முதலிய ஆறு இயல்புகளுக்கும் மும்மூன்று பகடைகள் உருட்டப்பட்டன, விழுந்ததே பாத்திரம். மிகுந்த வலிமை பெற்ற வீரனுக்கு அனுபவப் புள்ளிகள் பத்து விழுக்காடு கூடுதலாகச் சேரும். அடியின் வேகம் கூடாது. 1975இல் வந்த ‘கிரேஹாக்’ துணைநூல்தான் வலிமையைத் தாக்குதலோடும் சேதத்தோடும் பிணைத்தது. அன்று முதல் அந்த எண் உயிர்ப் பிரச்சினையாயிற்று.

1978இன் ஆட்டக்காரர் கையேடு இதை ஒளிக்கவில்லை. குறைந்தது இரண்டு இயல்புகளில் 15க்குக் குறையாத மதிப்பு இருந்தால்தான் பாத்திரம் பெரும்பாலும் பிழைக்கும் என்கிறது. மூன்று பகடைகளை ஆறு முறை உருட்டி அந்த நிலையை எட்டுவோர் பத்தில் ஒருவரே. ஆகவே 1979இன் ஆட்டநடத்துநர் கையேடு மாற்று முறைகளைத் தந்தது. அவற்றுள் முதலாவது: நான்கு பகடைகளை உருட்டி, சிறியதை நீக்கி, கிடைத்த எண்களை விரும்பிய இயல்பில் வைத்துக்கொள்ளலாம். 18 விழும் வாய்ப்பு 216இல் ஒன்றிலிருந்து ஏறத்தாழ 62இல் ஒன்றாக உயர்ந்தது. அதைவிட முக்கியம், ‘விரும்பிய இயல்பில்’ என்பது. கணக்கிடத் தேர்வு வேண்டும். தேர்வை வழங்கியது நூல்.

அதே 1978 நூலில் 18 வலிமை கொண்ட வீரர்களுக்குக் கூடுதலாக ஒரு நூற்றளவு உண்டு. மனித ஆணுக்கு அது 100 வரை செல்லும். மனிதப் பெண்ணுக்கு 50இல் நின்றுவிடும். சிறந்த வீரனைக் கணக்கிட்டு உருவாக்குபவர் ஆணையே உருவாக்குவார். 1989இன் இரண்டாம் பதிப்பு இவ்வரம்பை நீக்கியது.

இரண்டாம் பதிப்பில்தான் விருப்ப விதிகள் தனிக் கட்டங்களில், பெயரிடப்பட்டு அச்சேறின. அதன்பின் வீரன், திருடன் எனத் தனித்தனிக் கையேடுகள். 1995இல் ‘பிளேயர்ஸ் ஆப்ஷன்’ வரிசை. இங்கே ஓர் ஏற்பாடு உறுதிப்பட்டது. நூலை வாங்குபவர் ஆட்டக்காரர். அதை மேசையில் மறுக்க வேண்டியவர் ஆட்டநடத்துநர். விற்பனை பதிப்பகத்துக்கு, மனத்தாங்கல் நண்பர்களுக்கு. 2000இன் மூன்றாம் பதிப்பு ‘பிரெஸ்டீஜ் கிளாஸ்’ என்னும் சிறப்பு வகுப்புகளை நடத்துநரின் நூலில், அவர் அனுமதிக்கு உட்பட்டு வைத்தது. சில ஆண்டுகளிலேயே அவை ஆட்டக்காரர்களுக்கான துணைநூல்களில் குவிந்தன.

2014இன் ஐந்தாம் பதிப்பிலும் ‘ஃபீட்’ எனப்படும் தனித்திறன்கள் விருப்ப விதியே. 2024இல் அவை அடிப்படை விதியாகிவிட்டன. இனத்தின் கதை இன்னும் சிக்கலானது. 2014இல் ஹாஃப்-ஆர்க் இனத்துக்கு வலிமையும் உடலுறுதியும் கூடும், அறிவு கூடாது. எனவே அந்த இனத்து மந்திரவாதி தொடக்கத்திலேயே பின்தங்குவார். பிறப்பே தொழிலை விதித்த இந்த அமைப்பைத் தளர்த்தியது 2020இல் ‘டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்’ நூலின் ஒரு விருப்ப விதி: கூடுதல் மதிப்புகளை ஆட்டக்காரர் இடம் மாற்றிக்கொள்ளலாம். கணக்குப் போடுபவரும் கதை விரும்புபவரும் ஒரே விதியால் பயன்பெற்ற அரிய தருணம் அது.

2024இல் அம்மதிப்புகள் இனத்திலிருந்து பாத்திரத்தின் முற்பணிக்கு மாறின. இப்போது அறிஞர் பின்னணி அறிவைக் கூட்டும்; படைவீரர் பின்னணி கூட்டாது. முன்பு படையில் இருந்த மந்திரவாதி இன்று பின்தங்குகிறார். புதிய பின்னணிகளை வகுக்கும் வழிமுறை நடத்துநரின் நூலில் இருக்கிறது.