பங்கிலாபமா, மூலதன மீளளிப்பா?

கம்பனியொன்று தனது பங்குதாரர்களுக்குப் பணம் பகிர்ந்தளிக்கின்றது என்றதும், அது இலாபத்திலிருந்தே வருகின்றது எனப் பலரும் கருதிவிடுகின்றனர். ஆனால், பங்குதாரர்கள் முன்னர் இட்ட மூலதனத்தின் ஒரு பகுதி அவர்களுக்கே திருப்பிக் கொடுக்கப்படுவதும் உண்டு. இதனையே கலைப்புப் பங்கிலாபம் என்பர். வியாபாரத்தை மூடும்போதோ, அதன் ஒரு பிரிவை விற்றுச் சுருக்கும்போதோ இது பெரும்பாலும் நிகழ்கின்றது.

உதாரணமாக, தலா 100 ரூபா வீதம் 1 இலட்சம் பங்குகளை வழங்கிய கம்பனியொன்றின் கூறப்பட்ட மூலதனம் 100 இலட்சம் ரூபாவாகும். அதனிடம் நிறுத்திவைத்த வருவாய் 20 இலட்சம் ரூபா உள்ளது எனக் கொள்வோம். அது பங்கொன்றிற்கு 40 ரூபா வீதம் 40 இலட்சம் ரூபாவைப் பகிர்கின்றது. இதில் 15 இலட்சம் நிறுத்திவைத்த வருவாயிலிருந்தும் 25 இலட்சம் மூலதனத்திலிருந்தும் கழிக்கப்படுமாயின், முன்னையது மட்டுமே உண்மையான பங்கிலாபம். பின்னையது மூலதன மீளளிப்பு. பகிர்வு உறுதியானதும் முழுத்தொகையும் பொறுப்பாகப் பதியப்படும். செலுத்தியதும் பொறுப்பும் காசும் குறையும். எப்பகுதியும் செலவாக இலாப நட்டக் கூற்றில் இடம்பெறாது. உரிமையாண்மை மாற்றக் கூற்றில் இரண்டும் வெவ்வேறாகக் காட்டப்படல் வேண்டும்.

இந்த வேறுபாடு வெறும் ஏட்டு விவகாரமன்று. கூறப்பட்ட மூலதனம் கடன்கொடுத்தோருக்கான பாதுகாப்பாகும். எனவேதான் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம், மூலதனத்தைக் குறைப்பதற்கு விசேட தீர்மானத்தை வேண்டி நிற்பதுடன், அதற்கு 60 நாட்களுக்குக் குறையாத காலத்திற்கு முன்னர் பகிரங்க அறிவித்தல் கொடுக்கப்படல் வேண்டும் எனவும் விதிக்கின்றது. பகிர்வின் பின்னர் கம்பனி தனது கடன்களை உரிய வேளையில் தீர்க்கக்கூடியதாகவும், அதன் சொத்துக்களின் பெறுமதி பொறுப்புகளினதும் கூறப்பட்ட மூலதனத்தினதும் கூட்டுத்தொகையை விஞ்சியதாகவும் இருத்தல் வேண்டும். கணக்காய்வாளரின் சான்றிதழும் அவசியமாகும். மேற்படி கம்பனியில் 75 இலட்சம் மூலதனமும் 5 இலட்சம் வருவாயும் எஞ்சுவதால், சொத்துக்கள் தொடர்பான நிபந்தனை நிறைவேறுகின்றது. மூலதனத்தைக் குறைக்காமலேயே அதே 40 இலட்சத்தைப் பகிர்ந்திருப்பின் அது நிறைவேறியிராது.

பணத்தைப் பெறுபவருக்கும் இது முக்கியமானதாகும். ஏனைய முழுமையான வருமானத்தினூடாக நியாயப் பெறுமதியில் அளவிடப்படும் பங்குகளைப் பொறுத்தவரை, முதலீட்டுக் கிரயத்தின் மீட்பு எனத் தெளிவாகத் தெரியும் தொகையை இலாபத்தில் சேர்க்கலாகாது என்பது 9ஆம் இலக்க நிதி அறிக்கையிடல் நியமத்தின் ஏற்பாடாகும். ஓய்வூதியப் பணத்தில் 100 ரூபாவுக்குப் பங்கு வாங்கிய ஒருவர், கிடைத்த 40 ரூபாவையும் வருமானமெனச் செலவிடுவாராயின், அதில் 25 ரூபா அவரது சொந்த முதலேயாகும்.

ஆகவே, பகிர்வை அறிவிக்கும் பணிப்பாளர் சபைகள், எவ்வளவு இலாபம், எவ்வளவு மூலதனம் என்பதை அவ்வறிவித்தலிலேயே எளிய மொழியில் பிரித்துக் கூறல் வேண்டும். சிறு முதலீட்டாளர்களும் பகிரப்படும் தொகையைக் கண்டு மகிழ்வதற்கு முன்னர், அது எங்கிருந்து வருகின்றது எனக் கேட்டறிவதே விவேகமானது என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.