சுப்பாராவின் மருந்தும் ஒரு 'கஷ்டமான' கிருமியும்

மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகட சுப்பாராவ் என்ற பெயர் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். மதராஸில் மருத்துவம் படித்துவிட்டு அமெரிக்கா போனார். 1940-களில் லெடர்லே என்ற மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். அங்கிருந்து வந்த இரண்டு மருந்துகள் முக்கியமானவை. ஒன்று, ரத்தப் புற்றுநோய்க்கான அமினோப்டெரின். மற்றது ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் வகையின் முதல் ஆண்டிபயாடிக் (கண்டுபிடித்தவர் அங்கே வேலை பார்த்த பெஞ்சமின் டக்கர்).

புற்றுநோய் மருந்து, ஆண்டிபயாடிக். குழந்தைகள் புற்றுநோய் வார்டில் இந்த இரண்டும் இன்றுவரை சேர்ந்தே இருக்கின்றன. நடுவில் ஒரு குடல் கிருமி எப்படி நுழைந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன். நான் டாக்டர் இல்லை, காமர்ஸ் படித்த வங்கிக்காரன். ஆனாலும் இந்தக் கதை நம் வீடுகளில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர், லுக்கீமியா வந்த 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்துப் பார்த்தார். 10 பேருக்கு நோய் தணிந்தது. 1948 ஜூனில் இது பிரசுரமானது. தணிந்த நோய் சில மாதங்களில் திரும்பியது என்றாலும், மருந்தே இல்லை என்றிருந்த வியாதிக்கு முதல் கதவு திறந்தது. அதே ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார்.

அடுத்த பிரச்சினை வேறு ரூபத்தில் வந்தது. புற்றுநோய் மருந்துகள் கிருமிகளோடு போராடும் வெள்ளையணுக்களையும் அழித்துவிடும். அந்த அணுக்கள் குறையக் குறைய தொற்று கூடுகிறது என்று 1966-ல் ஜெரால்ட் போடி குழுவினர் கணக்கோடு காட்டினார்கள். தன் குடலில் இருக்கும் சாதாரணக் கிருமியே ரத்தத்தில் கலந்து நோயாளியின் உயிரை வாங்கிவிடும். 1971-ல் பால்டிமோரில் ஸ்டீபன் ஷிம்ப்ஃப் குழுவினர் ஒரு முறையை எழுதினார்கள்: காய்ச்சல் வந்தால் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காதே, உடனே ஆண்டிபயாடிக் ஆரம்பி. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய முறை இது. கீமோ எடுக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இன்றும் இதுதான் விதி.

ஆனால் வரவு எழுதினால் பற்றும் எழுதித்தானே ஆகவேண்டும்?

1935-ல் டென்வரில் ஹால், ஓடூல் என்ற இருவர், பிறந்த குழந்தைகளின் மலத்தில் ஒரு புதுக் கிருமியைக் கண்டார்கள். வளர்த்தெடுக்கப் படாதபாடு பட்டதால் 'டிஃபிசிலிஸ்', அதாவது கஷ்டமானது, என்றே பெயர் வைத்தார்கள். அதன் நஞ்சு ஆய்வக விலங்குகளைக் கொன்றது. குழந்தைகளோ நன்றாக இருந்தன. பிறகு நாற்பது வருடம் அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

1974-ல் செயின்ட் லூயிஸில் ஃபிரான்சிஸ் டெடஸ்கோ குழுவினர், கிளிண்டாமைசின் என்ற ஆண்டிபயாடிக் எடுத்த 200 பேரைக் கவனித்தார்கள். 21 சதவீதம் பேருக்கு வயிற்றுப்போக்கு. 10 சதவீதம் பேருக்குக் குடலில் புண்பட்டு வெளிறிய படலம். முதலில் மருந்தின் மேல்தான் பழி விழுந்தது. 1978-ல்தான் உண்மை தெரிந்தது: குற்றவாளி அந்தப் பழைய டென்வர் கிருமி! பாஸ்டனில் ஜான் பார்ட்லெட் குழுவும் இங்கிலாந்து ஆய்வாளர்களும் இதை நிறுவினார்கள்.

நம் குடலில் கோடிக்கணக்கான நல்ல கிருமிகள் குடியிருக்கின்றன. அவை இருக்கும்வரை டிஃபிசிலுக்கு இடம் கிடைக்காது. ஆண்டிபயாடிக் அவற்றைக் காலி செய்தால் அந்த இடத்தில் இது பெருகி நஞ்சைக் கக்குகிறது. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி வாசம், அடிக்கடி ஆண்டிபயாடிக், கீமோவால் ஏற்கனவே புண்ணான குடல்... புற்றுநோய்க் குழந்தைகளிடம் மூன்றும் சேர்ந்திருக்கின்றன. இதில் ஒரு சிக்கலும் உண்டு. கீமோவாலேயே வயிற்றுப்போக்கு வரலாம். சிறு குழந்தைகளிடம் இந்தக் கிருமி எந்தத் தொந்தரவும் செய்யாமலும் இருக்கும். எனவே மலத்தில் கிருமி இருக்கிறது என்ற ரிப்போர்ட்டை மட்டும் வைத்து, இதுதான் காரணம் என்று முடிவுகட்ட முடியாது.

வைத்தியத்தின் முதல் படி, முடிந்தால் காரணமான ஆண்டிபயாடிக்கை நிறுத்துவது. பிறகு வாய்வழி வான்கோமைசின் போன்ற மருந்துகள். கிருமியைக் கொல்ல இன்னொரு ஆண்டிபயாடிக் என்பது விசித்திரம்தான். ஆரோக்கியமானவரின் மலத்திலிருந்து நல்ல கிருமிகளை நோயாளியின் குடலுக்கு மாற்றும் முறையை அதே டென்வரில் 1958-லேயே பென் ஐஸ்மன் நான்கு பேருக்குச் செய்திருக்கிறார். 2013-ல் நெதர்லாந்து சோதனையில் 16 பேரில் 13 பேர் முதல் தடவையிலேயே குணமானார்கள். எதிர்ப்புசக்தி இல்லாத குழந்தைக்கு இது யோசித்துச் செய்யவேண்டிய விஷயம்.

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். ஆண்டிபயாடிக்கைக் கண்டு பயப்படக்கூடாது. கீமோ குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நள்ளிரவானாலும் ஓடவேண்டும். அதேசமயம், ரிப்போர்ட் வந்தபிறகு "இன்னும் எத்தனை நாள் தேவை டாக்டர்?" என்று கேட்பதில் தப்பே இல்லை. நல்ல டாக்டர்கள் கோபப்பட மாட்டார்கள்.

இன்னொன்று, சோப்பு. இந்தக் கிருமியின் விதையுறைகள் கட்டில் கம்பியிலும் கதவுப்பிடியிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கையில் தடவும் சானிடைசருக்கு அவை சாகாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால்தான் போகும். ஊரிலிருந்து ரயிலேறிப் பேரனைப் பார்க்க வரும் பாட்டியிடமும் இதைச் சொல்லிவையுங்கள். குழந்தையைத் தூக்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.