எட்டுக் குண்டு, ஒரு 'டிங்'

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1888இல் பிறந்த ஜான் கேரண்ட், சிறுவயதில் பஞ்சாலையில் தரை கூட்டியவர். 1919இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு அரசு ஆயுதச் சாலையில் சேர்ந்து, பல ஆண்டுகள் ஒரே துப்பாக்கியோடு மல்லுக்கட்டினார். 1936இல் தரைப்படை அதை ஏற்றுக்கொண்டது. ஏட்டில் அதன் பெயர் எம்1. பேச்சு வழக்கில் 'கேரண்ட்'. காப்புரிமையை அவர் அரசுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். அவருக்கு ஒரு லட்சம் டாலர் தரச் சொன்ன மசோதா அமெரிக்கக் காங்கிரஸில் தேறவில்லை.

பழைய துப்பாக்கியில் ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். கேரண்டில் வெடிமருந்து எரிந்து எழும் வாயுவே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். எட்டுத் தோட்டா கோத்த கிளிப்பை மேலிருந்து அழுத்த வேண்டும்; கட்டைவிரலைச் சட்டென்று எடுக்காதவருக்கு நகம் நசுங்கும். எட்டாவது குண்டும் போனதும் காலிக் கிளிப் 'டிங்' என்று துள்ளி விழும்.

இரண்டாம் உலகப் போரில், நார்மண்டியில் அது சந்தித்த ஜெர்மன் அணி, இயந்திரத் துப்பாக்கி ஒன்றைச் சுற்றி அமைந்தது. மற்றவர் கையில் பெரும்பாலும் ஐந்து குண்டுத் துப்பாக்கி. அமெரிக்க அணியில் 12 பேர். இருவர் முன்னே வேவு பார்ப்பார்கள், பி.ஏ.ஆர். என்ற தானியங்கித் துப்பாக்கி வைத்திருக்கும் குழு சுட்டு எதிரியைத் தலைதூக்க விடாது. ஐவர் பக்கவாட்டில் சுற்றி வருவார்கள். அந்த ஐவரின் பலம் கேரண்ட்.

கொரியப் போரிலும் உழைத்த பிறகு, 1957இல் அதன் இடத்துக்கு எம்14 தேர்வானது. டென்மார்க்குக்கும் கிரீஸுக்கும் கடனாகப் போன கேரண்டுகள் பல ஆண்டு கழித்து ஊர் திரும்பி, சாதாரணக் குடிமக்கள் கைக்கு வந்தன. சில, பழைய சண்டைகளை நடித்துப் பார்ப்பவர்களிடம் சேர்ந்தன.

அங்கே வெற்றுத் தோட்டாதான். அதில் குண்டு இல்லாததால் குழலுக்குள் அழுத்தம் போதாது. குழல் வாயைக் குறுக்கினால்தான் போல்ட் தானாக நகரும். ஆனால் எடை குறைவதில்லை. நாலே கால் கிலோவுக்கு மேல் தூக்கிக்கொண்டு மேட்டில் ஓடும்போதுதான், ராணுவக் கையேட்டில் அம்புக்குறி போட்ட 'பக்கவாட்டுப் பாய்ச்சல்' எவ்வளவு நீளம் என்று தெரியும். எல்லாரும் ஒன்றாகச் சுட்டால் எல்லாருக்கும் தோட்டா ஒன்றாகவே தீர்ந்துபோகும். மாற்றி மாற்றிச் சுட வேண்டும் என்பதை அந்தத் திடீர் அமைதி கற்றுக்கொடுக்கும். 'டிங்' சத்தத்துக்காக எதிரி காத்திருந்து பாய்வான் என்ற பழங்கதையும் அங்கே நிற்காது. பத்துத் துப்பாக்கி வெடிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் காதிலேயே அது விழுவது அரிது.

நடிப்பில் வராதது பயம். குண்டு பட்டதா என்று அவரவரே நேர்மையாகச் சொல்லி விழ வேண்டும். முதலில் விழ யாருக்கும் மனம் வருவதில்லை.

போரில் விழுந்த இடத்திலேயே விட்டுப்போன காலிக் கிளிப்புகளை, இன்று சண்டை முடிந்ததும் புல்லுக்குள் குனிந்து தேடிப் பொறுக்குகிறார்கள். அடுத்த முறைக்கு வேண்டுமே.