நெடுவரிசைத் தரவு வகை மாற்றம்

நெடுவரிசைத் தரவு வகை மாற்றம் என்பது, தரவுத்தள அட்டவணையின் ஒரு நெடுவரிசையை, அதிலுள்ள தரவுகளுடன் வேறொரு தரவு வகைக்கு மாற்றுதல் ஆகும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இதற்கான கட்டளை 2005இல் வெளியான 8.0 பதிப்பில் அறிமுகமானது. மாற்றம் முடியும்வரை அட்டவணை பூட்டப்பட்டிருக்கும்.

சில மாற்றங்களில் தரவு இழப்பு ஏற்படும். எடுத்துக்காட்டாக, சிவகாசி, விருதுநகர் ஆகிய ஊர்களின் தொலைபேசிக் குறியீடு 04562 ஆகும். பட்டாசுக் கடைகளின் தொலைபேசி அட்டவணையில் இக்குறியீட்டை எழுத்து வகையிலிருந்து முழு எண் வகைக்கு மாற்றினால், முதலிலுள்ள சுழியம் நீங்கி 4562 என்றாகும். மீண்டும் எழுத்து வகைக்கு மாற்றினாலும் சுழியம் தானாகத் திரும்பாது. சென்னையின் குறியீடு 044 என்பதால், அனைத்தையும் ஐந்து இலக்கங்களாக நிரப்புவதும் பிழையாகும். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு சுழியம் சேர்க்க வேண்டும்.

எனவே, பழைய வகை, புதிய வகை, மாற்றும் விதி, மீட்கும் முறை ஆகியவற்றைத் தரவுத்தள ஆவணத்தில் குறித்து வைத்தல் இன்றியமையாதது.