ஹிப்போகிரட்டீஸ் மரம்

காஷ்மீர் போய் வந்தவர்களுக்கு சினார் மரத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆமணக்கு இலை மாதிரி விரிந்த இலை. உதிர்வதற்கு முன் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். அதே மரத்துக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயர் பிளாட்டனோஸ். அகலம் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து பிறந்தது.

கிரேக்கத் தீவான கோஸில் வயிறு பொந்தாகிப்போன ஒரு கிழட்டு மரம், முட்டுக்கொடுத்த கம்பிகளின் தயவில் நிற்கிறது. இதன் நிழலில்தான் ஹிப்போகிரட்டீஸ் மாணவர்களுக்கு வைத்தியம் கற்றுக்கொடுத்தார் என்பார்கள். அவர் பிறந்தது கி.மு. 460 வாக்கில். மரத்தின் வயதோ சுமார் 500 ஆண்டுகள்தான். கணக்கு உதைக்கிறது! அவர் காலத்து மரத்தின் வாரிசு என்று சமாதானம் சொல்கிறார்கள். சாட்சி யாரும் இல்லை.

மருந்துச் சங்கதிக்கு சாட்சி இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் மூலிகை நூல் எழுதிய கிரேக்க வைத்தியர் டயாஸ்கோரிடிஸ், இளம் இலையைத் திராட்சை மதுவில் வேகவைத்துப் பற்றுப்போட்டால் கண்ணில் நீர்வடிதலும் வீக்கமும் குறையும் என்கிறார். பட்டையைக் காடியில் கொதிக்கவைத்து வாய் கொப்பளித்தால் பல்வலி போகுமாம். பச்சைக் காயை மதுவுடன் குடித்தால் பாம்புக்கடிக்கு நல்லது என்றும் எழுதியிருக்கிறார். இந்தக் கடைசி வைத்தியத்தை யாரும் முயன்று பார்க்க வேண்டாம்.

எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது வேறு இடத்தில். இலையிலும் காயிலும் இருக்கும் சுணை கண்ணிலோ காதிலோ விழுந்தால் கெடுதல் என்று அவரே எச்சரித்துவிடுகிறார். கண்ணுக்கு மருந்தும் அதே மரம், கண்ணுக்குப் பகையும் அதே மரம். இன்றும் ஐரோப்பிய நகரங்களில் இந்த இனத்து மரங்களின் சுணையால் கண் எரிச்சலும் இருமலும் வருவதுண்டு.

ரோமானியர்களுக்கு மருந்தைவிட நிழல்தான் பெரிதாக இருந்தது. வெறும் நிழலுக்காக ஒரு மரத்தை அயல்நாட்டிலிருந்து கொண்டுவருவதா என்று பிளினி வியக்கிறார். வேருக்கு மதுவை ஊற்றி வளர்த்தார்களாம்; மரத்துக்கும் குடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டோம் என்று கிண்டல் வேறு.

உண்மையில் இதற்கு மது வேண்டாம், ஆற்றோர ஈரம் போதும். விதையிலும் வரும், முருங்கை மாதிரி போத்து வைத்தாலும் வேர்விடும். அமெரிக்காவில் பெதஸ்தா ஊரிலுள்ள தேசிய மருத்துவ நூலகத்தில் 1961-ல் கோஸ் மரத்தின் வழிவந்த கன்று ஒன்றை நட்டார்கள். ஐம்பது ஆண்டுகளில் அது நலிந்துபோனது. அதிலிருந்தே வளர்த்தெடுத்த கன்றை 2014-ல் மறுபடி அங்கே நட்டிருக்கிறார்கள்.