டப்பாவில் அடைத்த இசை

இன்னைக்கு எபிசோடு இன்ட்ரோ மியூசிக் இல்லாம நேரா ஆரம்பிச்சதைக் கவனிச்சிருப்பீங்க. காரணம் இருக்கு.

நம்ம பழைய இன்ட்ரோவை வாசிச்சுக் கொடுத்தது என் ஹாஸ்டல் நண்பன். இந்த சீசனுக்குப் புது ட்யூன் தேவைப்பட்டப்போ, நான் அவன்கிட்ட கேக்கல. ஒரு ஏஐ டூல்ல நாலு வரி டைப் பண்ணேன், ட்யூன் ரெடி. நல்லாவே இருந்துச்சு. முதல் எபிசோடு வந்த அன்னைக்கு அவன்கிட்டருந்து ஒரு மெசேஜ்: "கேட்டிருந்தா வாசிச்சிருப்பேனே டா." எனக்குப் பதில் எழுத வரல. இந்த மாதிரி முன்னாடி எப்போ நடந்திருக்குன்னு தேட ஆரம்பிச்சேன்.

பேசாப்படம்னா தியேட்டரே அமைதியா இருந்திருக்கும்னு நாம நினைச்சுக்கறோம். அப்படி இல்ல. அமெரிக்காவுல சின்ன ஊர் தியேட்டர்னா திரைக்குப் பக்கத்துல ஒரு பியானோக்காரர், பெரிய நகரம்னா முழு ஆர்கெஸ்ட்ரா. ஒரே படத்துக்கு ஊருக்கு ஊர் வேற வாசிப்பு.

1927 அக்டோபர்ல 'தி ஜாஸ் சிங்கர்' வந்துச்சு. அதுக்கப்புறம் ஸ்டுடியோவுல ஒரு தடவை பதிவு பண்ணா போதும், எல்லா ஊர்லயும் அதே இசை. இசைக்கலைஞர் சங்கத்தோட கணக்குப்படி சுமார் 22,000 தியேட்டர் வேலைகள் போச்சு.

சங்கம் சும்மா இருக்கல. 1930 வாக்குல பத்திரிகைகள்ல பக்கம் பக்கமா விளம்பரம் கொடுத்தாங்க. அதுல வாத்தியம் வாசிக்கிற ஒரு ரோபோ! பதிவான இசையை 'டப்பாவில் அடைச்ச இசை'ன்னு கிண்டல் பண்ணாங்க. இயந்திரத்துக்கு ஆன்மா கிடையாதுங்கறதுதான் வாதம். ஜனங்க என்ன பண்ணாங்க? பேசும்படத்துக்கு டிக்கெட் எடுத்தாங்க.

அடுத்த சண்டை வேற மாதிரி. 1942 ஆகஸ்ட் 1, ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையில சங்கம் ரெக்கார்டிங்கையே நிறுத்திடுச்சு. கம்பெனிகள் என்ன பண்ணுச்சு தெரியுமா? பாடகர்கள் அந்தச் சங்கத்துல இல்ல. அதனால வாத்தியத்துக்குப் பதிலா கோரஸ் குரல்களை வெச்சுப் பாட்டு பதிவு பண்ணாங்க. ஃபிராங்க் சினாட்ராவும் 1943ல அப்படிப் பாடினார். அதாவது, வாத்தியக்காரங்க இடத்தை அப்போ நிரப்பினது இயந்திரம் இல்ல, இன்னொரு கலைஞர்.

இருந்தாலும் டெக்கா 1943லயும், ஆர்சிஏ விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பர்லயும் இறங்கி வந்தாங்க. விற்கிற ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் ஒரு சிறு தொகை சங்கத்தோட நிதிக்குப் போகணும். அந்தப் பணத்துல பூங்கா, ஸ்கூல், ஆஸ்பத்திரின்னு இலவசக் கச்சேரி நடத்தினாங்க. வாசிச்சவருக்கு சம்பளம் உண்டு. பின்னாடி சட்டம் மாறினதால 1948ல அது தனி அறக்கட்டளையா மாறுச்சு.

எனக்கு இதுல பிடிச்ச விஷயம் இதுதான். முதல் தடவை "இயந்திரம் மட்டம்"னு சொன்னாங்க, தோத்தாங்க. ரெண்டாவது தடவை "இயந்திரம் சம்பாதிக்கிறதுல எங்க பங்கு எங்கே?"ன்னு கேட்டாங்க. ரெக்கார்டு நிக்கல. ஆனா ரெக்கார்டு சம்பாதிச்ச காசு, ஒரு மனுஷன் இன்னொரு மனுஷன் முன்னாடி உக்காந்து வாசிக்கறதுக்குப் போச்சு.

நம்ம ஊர்லயும் இந்தக் கேள்வி வந்தாச்சு. 2024 ஜனவரியில 'லால் சலாம்' பாட்டுக்கு ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ரெண்டு பேரோட குரலையும் ஏஐ மூலமா கொண்டு வந்தார். குடும்பங்கள்கிட்ட அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததா அவரே சொன்னார். அது சரியா தப்பான்னு நீங்க விவாதிக்கலாம். ஆனா அவர் கேட்டுட்டுத்தான் செஞ்சிருக்கார்.

நான் கேக்கல. ட்யூன் மட்டமா இருந்ததால அவன் வருத்தப்படல. பழைய ட்யூனுக்காக ரெண்டு பேரும் ஒரு ராத்திரி முழுக்க ஹாஸ்டல் மொட்டைமாடியில உக்காந்திருந்தோம். இந்தத் தடவை அந்த ராத்திரியே இல்லாமப் போச்சு.

நேத்துதான் அவனுக்கு போன் பண்ணேன். கொஞ்சம் திட்டினான். "காசு கொடுப்பியா?"ன்னு கேட்டான். கொடுப்பேன்னேன். ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்கான். அதுவரைக்கும் இன்ட்ரோ இல்லாமத்தான் ஓட்டப்போறேன், பொறுத்துக்கோங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.